வால்வுக்கு வைத்த சந்தனம்

குகதாசன் அண்ணை சுவிஸிலிருந்து வந்து இறங்கியபோது கைப்பையில் உடுப்பு இருக்கவில்லை. ஒரு சீடி பிளேயர் இருந்தது. விமானத்தில் அதை மடியிலேயே வைத்திருந்தாராம். அதன் மேல்மூடியில் இரண்டு ஓட்டைகள். ஒவ்வொன்றிலிருந்தும், பழைய ரேடியோவுக்குள் இருப்பதுபோல, சுட்டுவிரல் நீளத்தில் ஒரு கண்ணாடி வால்வு நிமிர்ந்து நிற்கும். சுவிச்சைப் போட்டால் இரண்டும் மெல்லச் செம்மஞ்சளாகும்.

மூன்று மாதம் நின்று பார்த்துவிட்டு, இங்கேயே இருப்பதா திரும்பிப் போவதா என்று முடிவெடுக்க வந்திருந்தார். அண்ணி காலமாகிவிட்டா. மகன் வேறு நகரத்தில் இருக்கிறான். தங்கை நான் மல்லாகத்து வீட்டில், அம்மா போனபிறகு தனியாக இருக்கிறேன். அண்ணை இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். ஆனால் கேட்கவில்லை. கேட்டால் எனக்காக இருப்பார். எனக்காக இருக்கிற ஒருவரோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அம்மா அப்படித்தான் இருந்தா.

யார் கேட்டாலும் அண்ணையின் பதில் ஒன்றுதான்: "ரெண்டு பக்கமும் பாக்கவேணும்."

அவரோடு படித்த இராசநாயகம் பின்னேரங்களில் மோட்டார்சைக்கிளில் வருவார்.

"என்னடா குகன், உது இன்னும் பாடேல்லையே?"

"சூடாகவேணும்."

"ஊரே கொதிக்குது. இதுக்கு இன்னும் சூடு காணாதாமோ? சரி, உதிலை நல்லது என்ன, கூடாதது என்ன, சொல்லு பாப்பம்."

இந்தக் கேள்விக்காகவே இத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்தவர்போல அண்ணை நிமிர்ந்து இருந்தார்.

"குரல் குரலா வரும். பாடுறவ மூச்செடுக்கிறதும் கேக்கும். வயலின் காதைக் குத்தாது."

"கூடாதது?"

"கரண்ட் ஏறி இறங்கினால் ஆகாது. வால்வு தேயும். ஒரு சோடி ஏழெட்டு வருசம் வரும். ஒண்டு போனாலும் சோடியாத்தான் மாத்தவேணும். இஞ்சை எடுக்கேலாது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இன்னொண்டு. உள்ளதை உள்ளபடி சொல்லாது. கொஞ்சம் இனிப்புப் போட்டுத்தான் தரும்."

"கலியாணப் புறோக்கர் மாதிரி எண்டு சொல்லு."

"ஓம். ஆனால் கேக்க நல்லாயிருக்கும்."

"புறோக்கர் சொன்னதும் கேக்க நல்லாத்தான் இருந்தது" என்றார் இராசநாயகம். அவருடைய மனைவியை எனக்குத் தெரியும் என்பதால் நான் உள்ளே போய்விட்டேன்.

பிளேயரின் பின்பக்கத்தில் ஒரு சிறிய சுவிச் உண்டு. பாட்டை வால்வு வழியாகவும் கேட்கலாம், வால்வு இல்லாமலும் கேட்கலாம். ஒரு நாள் அண்ணை என்னைச் சுவரைப் பார்த்து இருக்கச் சொன்னார். ஒரே பாட்டை இரண்டு விதமாகவும் போட்டார்.

"எது நல்லம், பிள்ளை?"

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான் அண்ணை."

உண்மை அதுதான். அவர் கோபிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அவர் வைத்திருந்த இரண்டு பக்கங்களில் ஒன்றில் என் பதிலையும் எழுதிக்கொண்டதுபோல இருந்தது. எந்தப் பக்கம் என்று அன்றைக்கு முழுவதும் யோசித்தேன். கத்தரிக்காய்க் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். அதுவும் ஒரு பக்கத்தில் ஏறியிருக்கும்.

வால்வு சூடாகி ஒழுங்காகப் பாட அரை மணித்தியாலம் வேண்டும் என்பார். பின்னேரம் சுவிச்சைப் போட்டுவிட்டு விறாந்தைக்கு வருவார். நான் தேத்தண்ணி கொண்டுபோவேன். அந்த நேரத்தில்தான் கதைப்பார். தான் வேலைசெய்த சமையலறையில் வெங்காயம் உரித்தே இரண்டு வருடம் போனதை, அண்ணி கடைசியில் கிணற்றுத் தண்ணீர் கேட்டதை, பனியில் விழுந்தவன் எழும்பியதும் முதலில் யாராவது பார்த்தார்களா என்றுதான் பார்ப்பான் என்பதை எல்லாம் அந்த விறாந்தையில்தான் கேட்டேன். பாட்டுத் தொடங்கினால் கதை நின்றுவிடும்.

சரஸ்வதி பூசை வந்தது. வழக்கம்போலச் சந்தனக்கட்டையை உரைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். தையல் மெஷின், சைக்கிள், தண்ணீர் மோட்டார், அரிவாள். பூசைக்கு வீணை போடலாம் என்று அண்ணை பிளேயரைச் சூடாக விட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். வீட்டிலுள்ள கருவிகளில் அதை மட்டும் விடுவது சரியில்லை என்று பட்டது. மூடியில் வைத்திருக்கலாம். ஆனால் நெற்றி மாதிரி இருந்தது அந்தக் கண்ணாடிதான்.

குளிர்ந்த சந்தனம் பட்டதும் "டிக்" என்றது. வால்வின் உச்சியில் வெள்ளிபோல மினுங்கிய இடம் என் கண்முன்னாலேயே பால்போல வெளுத்தது. கண்ணாடி வெடித்துவிட்டது.

அண்ணை துவாயோடு வந்து நின்றார்.

"என்ன இது?"

"சந்தனம்."

"அது தெரியுது."

"எல்லாத்துக்கும் வைச்சனான் அண்ணை."

"மற்ற வால்வுக்கு?"

"வைக்கத்தான் போனனான். அதுக்குள்ளை..."

"சரி. பூசையை முடி."

பின்னேரம் இராசநாயகம் வந்தபோது அண்ணை சொன்னார்: "கூடாத பக்கத்திலை இன்னொண்டு. சந்தனம் தாங்காது."

"விபூதி பூசிப் பாத்திருக்கலாம்" என்றார் இராசநாயகம்.

அண்ணை இரண்டு வால்வுகளையும் கழற்றிப் பஞ்சு சுற்றி வைத்தார். சுவிச்சை மாற்றி, வால்வு இல்லாமலே பாட்டுக் கேட்டார். இப்போது பிளேயர் போட்ட உடனே பாடியது. நான் தேத்தண்ணியோடு போகும்போது அவர் அறைக்குள் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். கோப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, என்னுடையதைக் குசினியில் அடுப்பருகே நின்று குடித்தேன். தனியாக இருந்த காலத்திலும் அங்கே நின்றுதான் குடித்தேன். அப்போது அது நிற்பதாகத் தெரியவில்லை. திரும்பிப் போகும் டிக்கெட் தீபாவளி கழிந்து அடுத்த கிழமைக்கு இருந்தது.

ஒரு பின்னேரம் கோப்பையை வைத்துவிட்டு நான் போகவில்லை.

"அண்ணை, வித்தியாசம் இருக்கு."

கண்ணைத் திறந்தார். "எதிலை?"

"வால்வு இல்லாமல் நல்லா இல்லை."

"ரெண்டும் ஒண்டெண்டு சொன்னனீ?"

"ஓம். அப்ப அப்பிடித்தான் இருந்தது."

"இப்ப என்ன குறையுது? குரலோ, வயலினோ?"

பொய் சொல்லியிருக்கலாம். குரல் என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்.

"போட்ட உடனை பாடுது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பிளேயரின் வெறும் ஓட்டைகளைப் பார்த்தார். பாட்டை நிறுத்தவில்லை. ஆனால் கோப்பையை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். நானும் என் கோப்பையைக் கொண்டுவந்து அங்கேயே இருந்து குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அண்ணை போனோடு வந்தார்.

"வால்வுக்குச் சொல்லிப்போட்டன். ஜேர்மனியிலையிருந்து வரவேணும்."

"எங்கை அனுப்பச் சொன்னனீங்கள்?"

"இஞ்சைதான். கொழும்பிலை சுங்கத்துக்குள்ளை எத்தனை நாள் கிடக்குமோ தெரியாது."

"ஒரு சோடியோ?"

"ரெண்டு."

ஒரு சோடி ஏழெட்டு வருடம் என்றவர் அவர்தான். நான் கீரைத் தண்டை முறித்தேன். முற்றியதும் முற்றாததும் ஒரே சட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன.

"பிள்ளை."

"என்ன அண்ணை?"

"வாற வருசம் மூடியிலை வை. கண்ணாடியிலை வைக்காதை."

"ஓம்" என்றேன்.