சத்தம் வராத வேகத்தடை

அந்தச் சிவப்புக் கார் மூன்றாவது முறையாகப் பட்டறைக்குள் நுழைந்தபோது விஜயபாண்டி காரைப் பார்க்கவில்லை, ஓட்டி வந்த சகாபுதீன் பாயின் முகத்தைத்தான் பார்த்தான். முகம் தொங்கிப் போயிருந்தது. சத்தம் இன்னும் போகவில்லை என்று தெரிந்துகொள்ள அவனுக்கு அதுவே போதும்.

பாயின் ஊரான வீரசோழனில் அந்த வண்டியைத் தெரியாத ஆள் கிடையாது. பதினாறு வருடம் வளைகுடாவில் கல் உடைக்கும் ஆலையில் வெயில் தின்றுவிட்டு வந்த மனுஷன் பாய். வீடு கட்டினார், மகள் நிலோபரைக் கட்டிக்கொடுத்தார், கடைசியாகத் தனக்கென்று ஒரே ஓர் ஆசையை நிறைவேற்றிக்கொண்டார். கோயம்புத்தூரில் யாரோ ஓட்டிக் கழித்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். "இந்த வயசுல இது ஒனக்குத் தேவையா?" என்று கேட்காதவர்கள் ஊரில் இல்லை. கேட்டவர்களில் பாதிப்பேர் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ரவுண்டு ஏறிப் போனவர்கள்தான்.

வாங்கின ஒரு மாதத்தில் சத்தம் ஆரம்பித்துவிட்டது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் முன்பக்கம் எங்கோ ‘கடக் கடக்’. வரும், வராது, பிறகு வரும். மதுரையில் இரண்டு பெரிய பட்டறைகள் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டன. "அருப்புக்கோட்டை விஜயபாண்டிட்ட போங்க, அவன் காதுக்குத் தப்பாது" என்று யாரோ சொல்லி அனுப்பினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், விஜயபாண்டிக்குக் காது கேட்காது.

இளவட்ட வயதில் பத்து வருடம் விசைத்தறி ஓட்டியவன். அந்த இரைச்சல் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, ஆறு வருடத்துக்கு முன்னால் மிச்சமில்லாமல் முடித்துவிட்டது. கருவி மாட்டிப் பார்த்தான், மண்டைக்குள் இரைச்சல்தான் கூடியது. நல்லவேளையாக, தறிக்கூடத்தில் எல்லோரும் உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் எதிரே நின்று பேசுகிறவர்களை அவன் சமாளித்துவிடுவான். ஆனால் வண்டிச் சத்தத்துக்கு உதடு இல்லையே.

அதற்குத்தான் அவன் மனைவி ராஜேஸ்வரி இருந்தாள். யார் வண்டி ட்ரையலுக்குக் கிளம்பினாலும் ஒயர்கூடையைத் தூக்கிக்கொண்டு, "அப்பிடியே என்னைய மார்க்கெட்டுல எறக்கி விட்ருங்க" என்று பின்சீட்டில் ஏறிக்கொள்வாள். சத்தம் வருகிற இடத்தில் புருஷன் தோளில் யாருக்கும் தெரியாமல் ஒரு தட்டு. இடது பக்கம் என்றால் இடது தோள், வலது பக்கம் என்றால் வலது தோள். மீதியை அவன் மூளை பார்த்துக்கொள்ளும். பொண்டாட்டியை விட்டு அரைமணி நேரம் இருக்க முடியாதவன் என்று ஊரே அவனைக் கிண்டல் செய்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான் என்பது இருவருக்கும் தெரியும். காது கேட்காத மெக்கானிக்கை நம்பி யார் வண்டியை விடுவார்கள்?

பாயின் காரில் பின்சீட்டு இல்லை. சாவியையும் அவர் யார் கையிலும் கொடுக்க மாட்டார். அதனால் முதல் தடவை விஜயபாண்டி குத்துமதிப்பாகச் சஸ்பென்ஷனில் லிங்க் ராடை மாற்றினான். இரண்டாம் தடவை அதன் ரப்பர் புஷ்களை மாற்றினான். பாய் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அதுதான் அவனை அதிகமாக உறுத்தியது. நல்ல மனுஷனை ஏமாற்றுவதைப் போலப் பாவம் உண்டா?

"இன்னுமா கேக்குது பாய்?"

"கேக்குது தம்பி. ஏறுங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்."

ராஜேஸ்வரி பழக்கதோஷத்தில் கூடையைத் தூக்கிவிட்டாள். காரைப் பார்த்ததும் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

திருச்சுழி ரோட்டில் போனார்கள். இரண்டு பக்கமும் மழைக்குக் காத்துக்கிடக்கும் கரிசல், நடுநடுவே சீமைக்கருவேலம். விஜயபாண்டி ரோட்டைப் பார்க்கவே இல்லை. சத்தம் வரும்போதெல்லாம் பாயின் இடது கன்னம் லேசாகத் துடிப்பதைப் போன தடவையே பிடித்து வைத்திருந்தான். அதை வைத்து முதல் மூன்று வேகத்தடையிலும் "கேட்டுச்சு பாய்" என்று சரியாகச் சொல்லிவிட்டான்.

நாலாவது வேகத்தடையில் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. ஒரு குட்டி மந்தையைவிட்டுப் பிரிந்து வண்டிக்கு முன்னால் துள்ளியது. பாயின் கன்னம் துடித்தது. வண்டி ஏறி இறங்கியது.

"கேட்டுச்சு பாய். இடது பக்கம்" என்றான் விஜயபாண்டி.

பாய் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். சாவியைத் திருப்பி அணைத்தார். பிறகு முழுதாக அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்து, உதடு நன்றாகத் தெரியும்படி நிதானமாகச் சொன்னார்.

"தம்பி, இந்த ஸ்பீடு பிரேக்கர்ல சத்தமே வரல."

விஜயபாண்டி ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஆறு வருடமாக அதைத்தானே செய்கிறான். ஆனால் பாயின் கண்ணில் கோபம் இல்லை. அதைப் பார்த்தபிறகு பொய் வாயில் வரவில்லை.

"எத்தன வருசமாச்சு?"

"ஆறு."

"வீட்ல அவுகளுக்குத் தெரியுமா?"

"அவ காதுலதான் பாய் நான் பொழப்பு ஓட்டுறேன்."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. வெட்கமும் இருந்தது, ஆறு வருடமாகச் சுமந்ததை ஓர் ஆளிடமாவது இறக்கி வைத்த நிம்மதியும் இருந்தது. பாய் அவன் அழுது முடிக்கும்வரை கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிரஷர்ல என்கூட நின்னவுகள்ல பாதிப்பேருக்குக் காது போச்சு" என்றார், மறுபடியும் அவன் பக்கம் திரும்பி. "அங்க தொட்டுத்தான் பேசிக்கிருவோம். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா இந்த வண்டிய நீங்கதான் பாக்கணும்."

விஜயபாண்டி சட்டையில் முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

"பாய், இந்த எடத்துல மட்டும் ஏன் சத்தம் வரல?"

பாய் விழித்தார்.

"முன்ன மூணுலயும் எப்படி ஏத்துனீக?"

"முன்னாடியே வேகத்தக் கொறச்சிட்டு, காலை எடுத்துட்டுத்தான் ஏத்துவேன். இதுல அந்தக் குட்டி குறுக்க வந்துச்சுல்ல, பிரேக்க லேசா மிதிச்சுக்கிட்டே ஏத்துனேன்."

"வண்டியத் திருப்புங்க. சத்தம் வந்தா எந் தொடையில தட்டுங்க."

அதே வேகத்தடையில் எட்டுமுறை போய் வந்தார்கள். ஆடு மேய்க்கிறவர் இவர்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார். பிரேக்கை மிதிக்காமல் ஏறினால் தொடையில் தட்டு விழுந்தது. மிதித்துக்கொண்டு ஏறினால் இல்லை. நான்குக்கு நான்கு சரியாக இருந்தது.

"இது சஸ்பென்ஷனே இல்ல பாய்!" என்று விஜயபாண்டி கத்திய கத்தலில் பாய் காதைப் பொத்திக்கொண்டார். "பிரேக் பேடு உள்ளுக்குள்ள ஆடுது. மிதிச்சா இறுகிப்போயி பேசாம இருக்கு. விட்டா ஆடி அடிக்குது."

பட்டறைக்கு வந்து முன்சக்கரங்களைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தான். இடது பக்கப் பேடு பால்பல் மாதிரி ஆடியது. அதை இழுத்துப் பிடித்திருக்க வேண்டிய மெல்லிய தகட்டைக் காணோம். என்றைக்கோ பேடு மாற்றியபோது யாரோ மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். மேட்டில் ஏறினால் சத்தம் என்றதும் அத்தனை பேரும் ஸ்பிரிங்கையே முறைத்திருக்கிறார்கள். இதே சக்கரத்தை இரண்டு தடவை கழற்றிய இவனும்தான்.

"நான் மாத்துனது ரெண்டும் வெட்டி வேலை பாய்" என்றான்.

"கெடக்கட்டும். புதுசுதான போட்டீக" என்றார் பாய்.

தகடு வியாழக்கிழமை மதுரை பஸ்ஸில் பார்சலாக வந்தது. மாட்டிவிட்டு இருவரும் மறுபடி திருச்சுழி ரோட்டில் கிளம்பினார்கள். முதல் வேகத்தடை வந்தது. பாயின் கால் பிரேக்கில் இல்லை. விஜயபாண்டி தொடையை இறுக்கிக்கொண்டு காத்திருந்தான். வண்டி ஏறியது, இறங்கியது. பாயின் கை ஸ்டியரிங்கை விட்டு அசையவில்லை. இரண்டாவதும் போனது, மூன்றாவதும் போனது. நாலாவதைத் தாண்டிய பிறகுதான் அவன் மூச்சை விட்டான். ஆறு வருடத்தில் ஒரு சத்தம் நின்றதை ராஜேஸ்வரி இல்லாமல் அவன் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்தபோது பட்டறை வாசலில் பாலவனத்தம் ஜெயக்குமார் லோடு வண்டியோடு நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, பின்னாடி லொடலொடங்குது. ட்ரையல் போவமா?" என்றவன், ராஜேஸ்வரியைப் பார்த்துச் சிரித்தான். "மதினி, கூடைய எடுங்க. நீங்க இல்லாம அண்ணனுக்கு வண்டி ஓடாதே!"

ராஜேஸ்வரியின் கை ஆணிக்குப் போனது. விஜயபாண்டி பாயைப் பார்த்தான். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர். ஆனால் ஏதாவது ஒரு பொய்யை அன்றைக்கு ரோட்டிலும் சொல்லித் தப்பித்திருந்தால், அந்தச் சிவப்பு வண்டி இந்நேரம் நாலாவது முறையாக வந்து நின்றிருக்கும்.

"மதினி வர வேணாம். எனக்குக் காது கேக்காது ஜெயக்குமாரு. ஆறு வருசமாச்சு. இத்தன நாளும் அவதான் கேட்டுச் சொன்னா."

ராஜேஸ்வரி கூடையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். ஜெயக்குமாரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் விஜயபாண்டியைப் பார்த்தான், ராஜேஸ்வரியைப் பார்த்தான், சிவப்புக் காரின்மேல் சாய்ந்து நின்ற பாயைப் பார்த்தான். பாய் மெதுவாகத் தலையசைத்தார்.

"நீ ஓட்டு. சத்தம் வாரப்ப எந் தொடையில தட்டு. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றான் விஜயபாண்டி.

ஜெயக்குமார் அவனுக்கு நேர் எதிரே வந்து நின்று, வாயை அகலமாகத் திறந்து கேட்டான்.

"எந்தத் தொடையிலண்ணே?"

ராஜேஸ்வரி கூடையை ஆணியில் மாட்டிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.