ஏறின இடத்துக்கே

1
இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. வன்னியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். பத்திரிகை ஆசிரியர், "பங்கர் வருதோ? செல் குண்டு விழுதோ?" என்று கேட்டார். "இல்லை, ஒருத்தி ஆற்றில் றாஃப்டிங் போகிறாள்" என்றேன். சிரித்தார். சிரிக்கட்டும், நான் எழுதத்தான் போகிறேன்.

2
முதல் தொடக்கம்: கனகராயன் ஆறு பாறைகளில் மோதி நுரைக்க, தேனுகாவின் றப்பர் படகு...

(இல்லை. கனகராயன் ஆறு மாரியில் கலங்கி ஓடும். கோடையில் மாடு நடந்து கடக்கும். கதைக்காக ஆற்றில் பாறை வைக்க என்னால் முடியாது.)

இரண்டாம் தொடக்கம்: 2005. போர்நிறுத்தத்தில் வன்னிக்குள் போகும் பாதை திறந்திருந்த காலம். கனகராயன்குளத்தில் வயல் செய்யும் தேனுகா, ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டி நெளுக்குளத்துச் சிநேகிதி பரீனா வீட்டுக்கு வந்தாள். தெற்கே கித்துல்கலையில், களனி ஆற்றில் றப்பர் படகு விடுகிறவர்களுக்கு அந்த வீட்டிலிருந்து ரெலிபோன் எடுக்கலாம். இருவருக்கும் நீச்சல் தெரியாது.

முதல் ஆள் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னான். ஹெல்மெட்? ஒன்றும் நடக்காது. மழை வந்தால்? ஒன்றும் நடக்காது.

தேனுகா ரெலிபோனை வைத்தாள். "ஒண்டும் நடக்காது எண்டு சொன்ன ஆக்களை நான் கன பேர் கண்டிட்டன்."

அடுத்தவன் ராசு, மலையகத்துப் பையன். "விழலாம் அக்கா. விழுந்தா எப்படி மிதக்கணும்னு முதல்ல அமைதியான தண்ணியில காட்டுவோம். ஜாக்கெட், ஹெல்மெட் போடாம ஏத்த மாட்டோம். மழை கூடினா படகையே இறக்க மாட்டோம்."

"அது சரி தம்பி. அக்கரையிலை ஆர் நிப்பினம்?"

(எங்கள் ஆட்கள் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி. படகென்றால் எங்களுக்குத் தப்பிப் போவதுதான்.)

ராசு குழம்பிப்போனான். "அக்கரைக்கே போறதில்லையே அக்கா. கீழ வரைக்கும் போவோம். அப்புறம் ஏறின இடத்துக்கே வேன்ல கொண்டாந்து விட்டுருவோம்."

தேனுகா ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு பரீனாவிடம் திரும்பினாள்.

"என்னடி?" என்றாள் பரீனா.

"ஏறின இடத்துக்கே திருப்பிக் கொண்டந்து விடுவினமாம்."

3
தேனுகா சிறுபிள்ளையாய் இருந்தபோது, யாழ்ப்பாணத்தைவிட்டு வன்னிக்கு வரக் கிளாலிக் கடலில் மூன்று பேராய்ப் படகேறினார்கள். வழியில் துப்பாக்கிச் சூடு விழுந்தது. இக்கரையில் இறங்கியது அவளும் தாய் கமலாசனியும் மட்டும். அதற்குமேல் அதை எழுத எனக்கு விருப்பமில்லை.

"தண்ணி எங்கடை வீட்டிலை ஒராளை எடுத்தது காணாதோ?" தேனுகா வீடு திரும்பி விஷயத்தைச் சொன்னதும் கமலாசனி கத்தினாள்.

"ஒருக்காலெண்டாலும் பயந்து ஓடாமல் ஒரு போட்டிலை இருக்கவேணும் அம்மா. சிரிச்சுக்கொண்டு இருக்கவேணும்."

கமலாசனி உலைக்கு அரிசியைப் போட்டுவிட்டு வந்தாள். "அந்தப் பெடியன் ஏறின இடத்துக்கே கொண்டந்து விடுவன் எண்டவனோ?"

"ஓம் அம்மா."

"அப்ப போயிட்டு வா."

4
முடிவு ஒன்று: அவர்கள் புறப்படும் முன் பாதை மறுபடி பூட்டப்படுகிறது. (நம்பும்படியானது. எனக்கு வேண்டாம்.)

முடிவு இரண்டு, பத்திரிகை ஆசிரியருடையது: 2009, முள்ளிவாய்க்கால், தேனுகா...

மாட்டேன். அங்கே நடந்ததை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் இவளைத் தரமாட்டேன், போங்கள்.

முடிவு மூன்று: படகின் மூக்கு சரிகிறது. "துடுப்ப வலிங்க!" என்று ராசு கத்துகிறான். பரீனா அல்லாஹ்வைக் கூப்பிடுகிறாள். தேனுகா சிரித்துச் சிரித்து, வாய்க்குள் தண்ணீர் போக,

இங்கேயே நிறுத்துகிறேன். இனித் துடுப்பு உங்கள் கையில். நனையுங்கள், கவிழ்த்துங்கள், கத்தவையுங்கள். ஆனால் ஏறின இடத்துக்கே கொண்டுவந்து விடுங்கள். கமலாசனி கேட்டுவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறாள்.