பதினோரு நிமிடம்

அன்னமேரி முதலில் போனின் மேல் ஒட்டியிருந்த விரிசல் விட்ட கண்ணாடியை நகத்தால் நெம்பி எடுத்தாள். அடியில் ஏலக்காய்த் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கோடுகோடாகப் படிந்திருந்தன. பஞ்சில் ஏதோ திரவத்தைத் தொட்டுத் துடைத்தாள். போனை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அவளுடைய போன் ரிப்பேர்க் கடை வாசலில் அரை உடம்பு உள்ளேயும் அரை உடம்பு மழையிலுமாக நின்றான் பாண்டித்துரை. வண்டன்மேட்டுக் கடைத்தெருவில் அவனைத் தெரியாதவர்கள் குறைவு. தினமும் விடியக்காலை கம்பம்மெட்டுக்குப் போய், கூலிப் பெண்களை எஸ்டேட்டுக்கு ஏற்றி வருகிற ஜீப் டிரைவர். எதிரே வருகிறவர்களை முதலில் கூப்பிட்டுப் பேசுகிற ஆள். இந்த ஒரு மாதமாக மட்டும், யாராவது பெயர் சொல்லி அழைத்துவிடுவார்களோ என்று ஓரமாகவே நடந்துகொண்டிருந்தான்.

“இதக் குடுத்துட்டு ஒரு பட்டன் போன் எடுத்துக்கிறேன்” என்று சொல்லித்தான் போனையும் சார்ஜரையும் மேசையில் வைத்திருந்தான்.

“ஆருக்கு அண்ணா?”

“வீட்டுக்காரிக்கு. இதுல டச்சு சரியில்ல.”

அது பொய். வாய்க்கு வந்த காரணம். பட்டன் போனில் வாட்சப் இருக்காது, போட்டோ இருக்காது, யார் யாரோ வர முடியாது. அதுதான் அவன் மனதில் இருந்தது. அதை ஒரு கடைக்காரியிடம் சொல்ல முடியுமா?

“டச்சு கொழப்பம்னா நான் பாத்துட்டே வெல பறயும் கேட்டோ” என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லி அன்னமேரி வேலையில் இறங்கிவிட்டாள். எண்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் விழுந்தன. அவனுக்குப் பொய் வெளிப்பட்டுவிட்ட சங்கடம். “எப்பவாச்சும்தான் படுத்தும்” என்று முனகினான்.

அந்தப் போன் முதலில் அவனுடையது. புதிது வாங்கியபோது, மூலையில் கண்ணாடி உடைந்திருந்த இதைச் செல்வலட்சுமிக்குக் கொடுத்தான். அவள் எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலையில் ஆறு வருஷமாக இருந்தாள். காய் காய்ந்துவிட்டதா, இன்றைக்கு வேலை உண்டா என்று தெரிந்துகொள்ள பெண்கள் எல்லோரும் ஸ்டோரில் கணக்கு எழுதுகிற ரைட்டர் பிரதீப்புக்குத்தான் போன் போடுவார்கள். அவளும் போடுவாள். அதில் யாருக்கும் ஒரு குறையும் தோன்றியதில்லை.

வைகாசி முடிகிற சமயத்தில் ஒருநாள் பிரதீப்பின் மனைவி பாண்டித்துரையைக் கூப்பிட்டாள். உன் பெண்டாட்டி அதிகாலை நாலே முக்காலுக்கு என் புருஷனுக்கு எதற்குப் போன் போடுகிறாள் என்று கேட்டாள். ஒரு வாரத்தில் மூன்று தடவை. கடைசித் தடவை பதினோரு நிமிடம். பாண்டித்துரை வீட்டுக்குள் போய் செல்வலட்சுமியின் போனைத் திறந்து பார்த்தான். இருந்தது. தேதி, நேரம், பதினோரு நிமிடம், எல்லாம். அந்த நேரத்தில் அவன் கம்பம்மெட்டு ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான்.

“நாங் கூப்புடல” என்றாள் அவள். அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னாள். அவ்வளவுதான். அழவில்லை, சாமிமேல் சத்தியம் செய்யவில்லை. அழுதிருந்தால்கூட நம்பியிருப்பேனோ என்று பின்னால் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறான். அன்றைக்கு அவள் அழாததே பெரிய சாட்சியாகப் பட்டது.

மறுநாள் காலை ஸ்டோர் வாசலில், ஆட்களைப் பெயர் சொல்லிப் பிரித்து வேலைக்கு அனுப்புகிற பெரட்டு நேரத்தில், அவன் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துப் பிரதீப்பிடம் கேட்டான். நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பிரதீப், தான் தூக்கக் கலக்கத்தில் எடுத்ததாகவும், ஹலோ ஹலோ என்று சொல்லியும் பேச்சே இல்லாததால் அப்படியே படுக்கையில் போட்டுவிட்டதாகவும் சொன்னான். ஏதோ பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டதாம். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். “எலே, வீட்டுல வச்சுக் கேளுடா” என்று கையைப் பிடித்தாள், பெண்களுக்கெல்லாம் மூத்தவளான சின்னத்தாய். அவன் உதறினான். “மனுசன் பொய் சொல்லுவான். போன் பொய் சொல்லுமா?” என்று கத்தினான். அந்த வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதாக அந்த நிமிடத்தில் அவனுக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

அதற்குப் பிறகு செல்வலட்சுமி ஸ்டோருக்குப் போகவில்லை. அவன்தான் போகக்கூடாது என்றான். அவள் காட்டு வேலைக்கு மாறி, அட்டைக் கடியோடு மழையில் களை வெட்டினாள். பிரதீப்பை மேலேயுள்ள வேறு டிவிஷனுக்கு மாற்றினார்கள். ஸ்டோரில் ஆள் பற்றாமல் போய் மூன்று நாளைக்கு முன்னால்தான் திரும்ப வந்திருந்தான். அவளுடைய போனிலிருந்த எண்களை எல்லாம் அழித்துவிட்டு, தன் எண்ணையும் அவள் அண்ணன் எண்ணையும் மட்டும் விட்டுவைத்தான் பாண்டித்துரை. வீட்டில் அவள் சோறு ஆக்கினாள், துணி துவைத்தாள். “சோறு இருக்கு”, “தண்ணி வந்துருச்சு” என்கிற அளவுக்குப் பேசினாள்.

“சார்ஜர் இதுதானா அண்ணா? வீட்டுல குத்துறது இதே தானோ?”

அன்னமேரி சார்ஜரைச் சொருகிப் போனை மேசையில் வைத்தாள். ஒயர் பின் அருகே நைந்திருந்தது. மின்சாரம் விட்டுவிட்டு ஏற, ஏறும்போதெல்லாம் திரை தானாக விழித்தது. அவள் கண்ணைச் சுருக்கினாள். அமைப்புகளுக்குள் புகுந்து எதையோ தட்டிவிட்டு, “இனி விரல் எவ்விடத்துல தொடுதோ அவ்விடத்துல ஒரு வெள்ளப் புள்ளி காட்டும். பாத்துக்கோ” என்றாள். விரலை வைத்துக் காட்டினாள். விரலடியில் புள்ளி வந்தது. விரலை எடுத்தாள். போனைத் தள்ளி வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு திரையின் வலது ஓரத்தில் ஒரு புள்ளி தோன்றியது. அது நடுங்கியது. கீழே ஒன்று வந்தது. இரண்டும் எறும்பு போல அங்குமிங்கும் ஓடின. எண் பலகை மூடியது. பட்டியல் திறந்தது. யாரும் தொடவில்லை.

“டச்சு போகல்ல அண்ணா. கூடிப்போச்சு. ஆளில்லாம தொடுது.” அவள் போனைப் பக்கவாட்டில் தூக்கிக் காட்டினாள். “கண்டோ? பேட்டரி வீங்கி டிஸ்ப்ளேய பின்னால இருந்து தள்ளுது. பின்ன இந்த டூப்ளிகேட் சார்ஜர். சார்ஜில இட்டா மாத்திரம் வரும். ஒயர எடுத்தா ஒண்ணும் அறியாத்த மாதிரி நல்ல குட்டியா கெடக்கும்.”

அவள் சொல்லி முடிக்கவில்லை. பாண்டித்துரையின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். செல்வி என்றிருந்தது, செல்வலட்சுமியின் எண். ஒரு கணம் அவள்தான் கூப்பிடுகிறாள் என்றே நினைத்தான். ஒரு மாதமாகக் கூப்பிடாதவள் கூப்பிடுகிறாள் என்று நெஞ்சு குதித்தது. பிறகு மேசையைப் பார்த்தான். அங்கே அவன் பெயர் ஒளிர, போன் அவனை அழைத்துக்கொண்டிருந்தது.

“எடுக்கண்டா. அது சும்மா விளிக்குது” என்று அன்னமேரி சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கினாள். சத்தம் நிற்கவில்லை. அவளே சிவப்பை அழுத்தி நிறுத்தினாள்.

அவன் கடை ஸ்டூலில் உட்கார்ந்தான். அதிகாலை நாலே முக்கால். செல்வலட்சுமி அவனுக்குக் காப்பி வைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போவாள். ஏலக்காய் வேலைக்காக முந்தின நாள் கூப்பிட்ட பிரதீப்பின் பெயர் பட்டியலில் மேலே இருக்கும். உள்ளே பாத்திரத்தில் தண்ணீர் சொட்டியிருக்கும். அந்தச் சத்தத்தோடுதான் பிரதீப்பின் போன் பதினோரு நிமிடம் படுக்கையில் கிடந்திருக்கிறது.

ஆனால் அவனை ஸ்டூலில் உட்காரவைத்தது அதுவல்ல. இந்தப் போன் தன்னிடம் இருந்தபோதே ஒருநாள் சார்ஜில் கிடந்து, தானாகப் பாட்டுப் போட்டதும், ஜீப் ஸ்டாண்டில் எல்லோரிடமும் காட்டி ‘பேய் புடிச்ச போனுடா’ என்று தானே சிரித்ததும் அவனுக்கு நினைவு வந்தது. இப்போதுதான் நினைவு வந்ததா? இல்லை. அன்றைக்குப் பெரட்டில் போனைத் தூக்கிப் பிடித்தபோதும் அந்த ஞாபகம் ஓர் ஓரத்தில் வந்து நின்றது. நின்றதை அவன் பார்த்தான். அத்தனை பேர் முன்னால் ஆரம்பித்துவிட்ட பிறகு அதைத் திரும்பிப் பார்க்க மனம் வரவில்லை. தெரியாமல் செய்தேன் என்று இனி யாரிடமும் சொல்ல முடியாது.

“பேட்டரி மாத்தினா செரியாகும். அரை மணிக்கூர்” என்றாள் அன்னமேரி. “மாத்தட்டே?”

மாற்றிவிட்டால் போன் சரியாகிவிடும். சரியான போனைக் கொண்டுபோய், ‘இந்தா, வச்சுக்க’ என்று பெருந்தன்மையாகக் கொடுக்கலாம். மன்னித்தவன் போல. நாளடைவில் எல்லாம் ஆறும். கடைக்காரிக்கு என்ன தெரியும்? கேட்க ஆளில்லை. அந்த யோசனை எத்தனை சுளுவாக, எத்தனை பழகியதுபோல வந்தது என்று பார்த்தபோது அவனுக்குக் காது மடல் சுட்டது.

“வேண்டாம்” என்றான். “கெட்டது கெட்டபடி குடுங்க.”

“வீங்கின பேட்டரியாக்கும் அண்ணா, அபகடம். தீ பிடிக்கும்.”

“ஒரு தடவ காட்டணும். காட்டிட்டுக் கொண்டாந்துர்றேன்.”

அன்னமேரி போனையும் சார்ஜரையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள். “பக்கத்துல நின்னு காட்டுங்க. விட்டுட்டுப் போகண்டா” என்றாள்.

அன்று மாலை செல்வலட்சுமி நாலரை மணிக்கு வந்தாள். கால்களில் புகையிலை தேய்த்து அட்டைகளை உதறிவிட்டு, கழுவிக்கொண்டு உள்ளே வந்தவள், புருஷன் ஜீப்புக்குப் போகாமல் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றாள். அவன் முன்னால் போன் சார்ஜில் கிடந்தது. திரை எரிந்தது.

“செல்வி, இதப் பாரு. இங்க உக்காரு. இது தானா கூப்புடுது. கடையில பாத்தேன். எனக்கே வந்துச்சு.”

அவள் உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். போன் சும்மா இருந்தது. அவன் ஒயரை அசைத்தான். திரை அணைந்து எரிந்தது. புள்ளி வரவில்லை. பட்டியலைத் திறந்து வைத்தான். பிடுங்கிச் சொருகினான். குப்புறக் கவிழ்த்து நிமிர்த்தினான். பூசாரி சாமி வரவில்லையென்று உடுக்கையைத் தட்டுவதுபோல, பின்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டினான். “இப்ப வரும் பாரு” என்றான். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி நின்றது. கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒரே ஒரு தடவைகூட எதையும் தானாகத் தொடாமல், அன்னமேரி சொன்ன நல்ல குட்டி மாதிரி அது கிடந்தது.

“அன்னைக்கு அது பொய் சொல்லாதுன்னீங்க” என்றாள் செல்வலட்சுமி. குரலில் கோபமில்லை. ஒரு மாதத்தில் அவள் அவனிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். “இப்ப அது ஒண்ணுஞ் சொல்லல. அப்ப நாந்தான் கூப்புட்டேனா?”

 அவள் சொன்னபோது கேட்காதவன், இப்போதும் இந்தப் பீற்றல் போன் வந்து சொல்லட்டும் என்றுதானே உட்கார்ந்திருக்கிறான்? ஒயரைப் பிடுங்கினான். ‘எந்தப்பு’ என்று சொல்ல நினைத்தான். வீட்டுக்குள், ரெண்டு பேருக்கு மட்டும் கேட்கிறமாதிரி, அதைச் சொல்வதே இன்னொரு திருட்டு மாதிரி இருந்தது.

“எனக்குத் தெரியும் செல்வி. அன்னைக்கே கொஞ்சம் தெரியும்” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் கதவு நிலையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு உலையில் அரிசி போடப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஸ்டோர் வாசலில் மூடுபனி இறங்கியிருந்தது. ஜீப்பிலிருந்து பெண்கள் இறங்கியதும் வழக்கமாகத் தேநீர்க் கடைக்குப் போகிறவன், அன்று கூட்டத்துக்குள் நடந்தான். சூப்பர்வைசர் பெயர் வாசிக்கத் தொடங்கியிருந்தார். சாவிக் கொத்தோடு பிரதீப் ஸ்டோர்ப் படியில் நின்றான். அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“சார், ஒரு நிமிசம்” என்றான் பாண்டித்துரை. “எல்லாருங் கொஞ்சம் நில்லுங்க. ஒண்ணு சொல்லணும்.”

எல்லோரும் நின்றார்கள். நாற்பது முகங்களும் திரும்பின. அவன் என்னவோ சொன்னான். பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்கவில்லை.

“என்னடா, சத்தமாச் சொல்லு” என்றாள் சின்னத்தாய். “அன்னைக்குச் சத்தமாத்தான சொன்ன.”

கூட்டத்தின் கடைசியில், காட்டுக்குப் போகிற பெண்களோடு நின்ற செல்வலட்சுமி மட்டும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. குனிந்து, மழைக்கு இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாளை முடிந்துகொண்டிருந்தாள். அவன் மூச்சை இழுத்துக்கொண்டு, “எம் பொண்டாட்டி அன்னைக்குச் சொன்னது...” என்று ஆரம்பித்தான். குரல் ஸ்டோர்ச் சுவரில் பட்டுத் திரும்பியது. அவள் கைகள், பாதி போட்ட முடிச்சின்மேல், இறுக்காமலும் அவிழ்க்காமலும் அப்படியே நின்றன.