சுரங்கப்பாதைப் பட்டம்

2019 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில் உள்ள ஒரு கல்லூரியில் பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒன்பது டிகிரி.

மூன்றாம் ஆண்டு மாணவன் டெரிக் ஹால்வர்சன் அன்று மாலை நாலரைக்குள் தன் முதன்மைப் பாடம் எதுவென்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவர்களுக்கு விடுதியில் இடமில்லை. பட்டம் போனாலும் பரவாயில்லை, அறை போகக்கூடாது என்பது அவன் கவலை. அந்த விடுதியின் அடித்தளத்திலிருந்து ஒரே ஒரு வகுப்புக் கட்டடத்துக்குச் சுரங்கப்பாதை உண்டு. அதன் புண்ணியத்தில் இரண்டு குளிர்காலத்தை அவன் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகவே கழித்திருந்தான். சொந்தமாகக் கோட்டு கிடையாது.

அதே கட்டடத்தில் அறை வைத்திருந்த ஆலோசகர் மார்லிஸ் குவாம், அவன் படித்து முடித்த பாடங்களைக் கணினியில் தட்டினார். முப்பது வருடமாக அதே நாற்காலியில் இருப்பவர். ஜோசியக்காரியிடம் கேட்டுக்கொண்டு வந்து விலங்கியல் எடுத்த பெண்ணையெல்லாம் பார்த்தவர்.

"எந்த மேஜர்னு மனசுல ஏதாவது இருக்கா, டெரிக்?"

"எது சீக்கிரம் முடியுமோ அது, மேடம்."

கணினி பதில் சொன்னது. மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கறவை மாட்டு அறிவியல்."

"என்னது?"

"இன்னும் ஒரே ஒரு பாடம்தான் பாக்கி. மடிநோய்ல நீதான் வகுப்புலயே முதல். ஆசைப்பட்டுத்தானே எடுத்த?"

"அது சுரங்கப்பாதைக் கட்டடத்துல நடந்துச்சு."

"கன்று வளர்ப்பு?"

"அதே கட்டடம். வாசல்லயே காப்பி மெஷின்."

"மாட்டை நேர்ல பாத்திருக்கியா?"

டெரிக் தலையைத் தடவிக்கொண்டான். "ஏழு வயசுல, கண்காட்சியில. என் தொப்பியத் தின்னுடுச்சு. அதுலேர்ந்து நாலு கால்ல நிக்கறது எதையும் நம்பறதில்ல. மேசைகிட்டகூட யோசிச்சுத்தான் போவேன்."

மார்லிஸ் சிரிக்கவில்லை. பட்டியலைக் கீழே உருட்டினார். "துணைப் பாடமும் முழுசா முடிஞ்சிருக்கே. தத்துவம்."

"போன வருஷம் பனி பாரத்துல தத்துவத் துறைக் கூரை இடிஞ்சு, அவங்க இந்தக் கட்டடத்துக்குத்தானே வந்தாங்க."

"ஆக, மாட்டையும் படிச்சிட்ட, வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்னும் படிச்சிட்ட. குளிர்னா கோட்டு வாங்கணும்னு மட்டும் யாரும் சொல்லித் தரல."

"பாக்கி ஒண்ணு என்ன பாடம்?"

"கறவைப் பயிற்சி. ஜனவரியில ஆரம்பம். வாரத்துல மூணு நாள், காலையில அஞ்சு மணி. தொழுவம் வடக்குக் கோடியில, இங்கேர்ந்து ரெண்டு கிலோமீட்டர்."

"சுரங்கப்பாதை?"

"மாட்டுக்கு யாரும் சுரங்கம் வெட்டல, கண்ணு."

"வேற மேஜர் எடுத்தா?"

"தினமும் நடக்கணும். ரெண்டு வருஷம்."

சுவர்க் கடிகாரம் நாலு இருபத்தைந்தைக் காட்டியது. டெரிக் தனக்குத் தெரிந்த தத்துவம் எல்லாவற்றையும் ஒரு தடவை நினைத்துப் பார்த்தான். ஒன்றும் உதவவில்லை. கையெழுத்துப் போட்டான்.

ஜனவரியில் கோட்டு வாங்கினான். முதல் நாள் காலை, பனி பூத்த புருவங்களோடு தொழுவத்தின் கதவைத் தள்ளியபோது உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. அறுபது மாடுகளின் மூச்சுச் சூடு. காதில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று எண் தொங்கிய ஒரு மாடு கழுத்தை நீட்டி, கோட்டின் இடது கையை வாயில் போட்டுக்கொண்டது. ஓடலாம்தான். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் மைனஸ் இருபத்தாறு. டெரிக் கோட்டை மாட்டுக்கே விட்டுவிட்டு, அதன் வயிற்றோரமாக ஒண்டி நின்றான். அடுப்படி மாதிரி இருந்தது.

தொழுவத்துக்கு மேலே மாணவர் இருவர் தங்க ஓர் அறை உண்டு என்பதும், அதன் படிக்கட்டு நேராக மாடுகளிடம் இறங்குகிறது என்பதும் அந்த வாரமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 3ஆம் தேதி விடுதி அறைச் சாவியை ஒப்படைத்தான். கோட்டை, அதன் இடது கையில் மாட்டின் பல் பதிந்திருந்ததால், கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.