மாதா பாட்டிலும் பூவரசம் பேனாவும்

சவரிராஜுக்கு ஒரு குணம் உண்டு. காலி பாட்டில் எதையும் தூக்கிப் போட மாட்டார். அந்தக் குணம்தான் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் அவரைக் கவிழ்க்கப் பார்த்தது.

திருக்காட்டுப்பள்ளியில் வீட்டை ஒட்டியே லேத் பட்டறை வைத்திருப்பவர் அவர். போர் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைகிற அந்தக் கை மூன்று வருஷமாக மரப்பேனாவும் கடைகிறது. கல்யாண அறிவிப்பைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிப்பார்களே, அந்த மூன்றாவது ஓலை வாசித்த அன்று மகள் ஜெனிட்டா வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"அப்பா, ரிஜிஸ்தர்ல உங்க பேனாவாலதான் கையெழுத்துப் போடுவேன். இல்லன்னா போடவே மாட்டேன், ஆமா."

விளையாட்டாகத்தான் சொன்னாள். மனுஷன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். நகை, புடவை, பந்தல் எல்லாம் மனைவி அக்னஸின் ராஜ்ஜியம். தன் கையால் மகளுக்குக் கொடுக்க அவரிடம் இருந்தது இந்தப் பேனா ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம். பூவரசங்கட்டையைக் கடைந்து உப்புத்தாள் போட்டு இழைத்தாகிவிட்டது. மினுக்கு ஏற்றுவது மட்டும் பாக்கி. அதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. சுழல்கிற மரத்தில் ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு, கூடவே சூப்பர் க்ளூ இரண்டு சொட்டு விட்டு, டிஷ்யூ பேப்பரால் நிற்காமல் இழுக்க வேண்டும். அசந்து நின்றால் பேப்பர், மரம், விரல் மூன்றும் ஒரே குடும்பமாகிவிடும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு பூச்சு ஏறினால் கண்ணாடி தோற்றுப் போகும்.

எண்ணெயை அவர் ஊற்றி வைத்திருந்தது மாதா படம் ஒட்டிய ஒரு காலி பாட்டிலில், வேளாங்கண்ணிக் கோயிலில் மந்திரித்த எண்ணெய் வாங்கி வந்தது. அன்றைக்குப் பார்த்து அதைக் காணோம்.

"அக்னஸ், என் மாதா பாட்டிலப் பாத்தியா?"

வீடு கொள்ளாமல் விருந்தாளிகள். அடுப்படியிலிருந்து அக்னஸ் கத்தினாள். "மாதா பாட்டில் பீடத்துல இல்லாம வேற எங்கங்க இருக்கும்? போய் எடுத்துக்குங்க!"

வீட்டுச் செபப் பீடத்தில் இருந்தது. எடுத்தார், ஓடி வந்தார், பூசினார். மூன்று பூச்சு போட்டும் மினுக்கு வரவில்லை. ஐந்தாவதில் வெள்ளை பூத்து, தொட்டால் பிசுபிசுவென்று விரலோடு வந்தது. பாட்டிலை மோந்து பார்த்தார். சுத்தமான தேங்காய் எண்ணெய்!

"சேசுவே! ஏ அக்னஸ், இங்க வா!"

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னங்க, தலை போற மாதிரி?"

"இது மந்திரிச்ச எண்ணெய். என் பாட்டில் எங்க?"

"அதுவா? மாதா படத்த மரத்தூள்ல போட்டு வச்சிருந்தீங்க, மனசு கேக்கல. போன வாரமே எடுத்துட்டுப் போயிட்டேன். கட்டிலடியில இருக்கு. தினம் முட்டிக்குத் தேய்க்கிறேன், வலி பறந்துடுச்சு!"

சவரிராஜுக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. "அடிப்பாவி, அது பேனாவுக்குப் போடுற எண்ணெய்டி!"

அக்னஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதான் முட்டி இப்ப லேத்து மாதிரி ஓடுது. சரி, மந்திரிச்ச எண்ணெய் பட்டா பேனாவுக்கு நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா காயாது!"

பாட்டில் கைக்கு வந்தது. பேனாவைத் தின்னரால் துடைத்து, பழைய பூச்சை மரம் தெரிகிறவரை உரசி எடுத்தார். இன்னொரு தடவை உரசினால் மரம் மெலிந்துவிடும். இதில் தவறினால் பேனாவே இல்லை. சாயங்காலச் செப மணி அடிக்கும்போது பன்னிரண்டாவது பூச்சு ஏறியிருந்தது. விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். பூவரசின் செம்பழுப்பு ரேகைகள் ஈரம் பட்டாற்போல் தெரிந்தன. அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை பூசை முடிந்து ரிஜிஸ்தரை விரித்தார்கள். ஃபாதர் தன் பால்பாயின்ட் பேனாவை நீட்டினார். ஜெனிட்டா தலையை ஆட்டிவிட்டு அப்பா பக்கம் கையை நீட்டினாள். சவரிராஜ் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"எப்பவும் போடுற மாதிரியே போடும்மா" என்றார் ஃபாதர்.

ஜெனிட்டா குனிந்தாள். சவரிராஜின் கண் பேனாவின் மினுக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நிப்பு தாளில் பட்டதும் முதலில் விழுந்த எழுத்து 'ச'. ஒரு புள்ளி. அதற்கப்புறம்தான் ஜெனிட்டா.

பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஆயிரம் தடவை பார்த்த கையெழுத்துதான். அதில் தான் முன்னால் நிற்பதை மனுஷன் இன்றைக்குத்தான் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார், ஃபாதர், யாரையும் பாராமல் தேம்பிவிட்டார்.

"மை காயட்டும், தாள்ல கண்ணீர விட்டுடாதீங்க" என்றாள் அக்னஸ், தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே.