கேயலின் வழக்குக் கட்டு

கேயலின் பெயரைக் கேட்டாலே நோரீனுக்கு வயிறு எரியும். வெண்டலைக் கல்யாணம் செய்து ஒன்பது வருஷமாகியும், அவனுடைய முதல் மனைவி கேயல் சுட்ட 'ஆப்பிள் பை' பலகாரத்தின் பேச்சு அவன் வாயில் இன்னும் ஓயவில்லை. அப்படிப்பட்ட மகராசியை எதற்காக விவாகரத்து செய்தானாம்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் நோரீன் மாவட்ட நீதிமன்றத்தின் பதிவறைக்கு வந்தாள்.

"வெண்டல், கேயல் விவாகரத்து கேஸை நான் பாக்கலாமா?"

"யார் வேணா பாக்கலாம்மா. ஏன்னு நாங்க கேக்க மாட்டோம்" என்று கிளார்க் பெர்னிஸ் வழக்குக் கட்டை நீட்டினாள். "மேல இருக்கிற தாள்ல பேரும் தேதியும் எழுதிட்டுத்தான் பிரிக்கணும்."

தாளில் ஏற்கெனவே ஒன்பது வரிகள் இருந்தன. ஒன்பதும் வெண்டலின் கோணல் கையெழுத்து. ஒன்பதிலும் ஜூன் 14.

"இவரா?" என்று பெர்னிஸ் எட்டிப் பார்த்தாள். "வருஷம் தவறாம வருவாரு. அன்னிக்குத்தான் அவருக்கும் இந்த கேயலுக்கும் கல்யாணம் ஆச்சாம். உள்ள இருக்கிற கல்யாணப் பத்திரத்தை மட்டும் பாத்துட்டுப் போயிடுவாரு, பாவம்."

நோரீனைக் கைப்பிடித்த அக்டோபர் 3 அவனுக்கு ஒருமுறைகூட நினைவிருந்ததில்லை. 'எனக்கு எந்தத் தேதிடி தங்குது?' என்று சிரிப்பான்.

அவள் கட்டைப் பிரிக்கவே இல்லை. பத்தாவது வரியில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் அக்டோபர் 3 என்று போட்டாள்.

"இன்னிக்கு மார்ச் மாசம்மா!"

"மார்ச்னு எனக்குத் தெரியும். அக்டோபர் 3 என்ன நாள்னு ஜூன்ல இதைப் படிக்க வர்றவருக்குத்தான் தெரியாது."