வாசலைப் பார்த்த செருப்பு

குவெம்புநகர் வீட்டுக் கூடத்தில் பாக்கியலட்சுமியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மகள் வைஷாலி. பக்கத்தில் அப்பா மாதேசன், மூன்று முறை எம்.எல்.ஏ.வாக இருந்து போன தேர்தலில் தோற்றவர், சட்டை மடிப்புக் கலையாமல் சம்மணமிட்டிருந்தார். காலையிலிருந்து அவர் அழவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அவரே ஆறுதல் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். தன் பக்கம் திரும்பி அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாரா என்று வைஷாலி காத்திருந்தாள்.

சாவு வீட்டுக்குப் போவது எம்.எல்.ஏ. வேலையில் பாதி. சின்ன வயதில் அவளும் காரில் கூடப் போயிருக்கிறாள். நாற்காலி போட்டாலும் அப்பா தரையில்தான் உட்காருவார். என்ன நோய் என்று கேட்கமாட்டார். வீட்டார் அதை அன்றைக்கு எத்தனையோ பேருக்குச் சொல்லி அலுத்திருப்பார்கள். மூத்த பிள்ளையின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "கடைசியா ஏதாச்சும் பேசுனாங்களா?" என்பார். வேறு யாரும் கேட்டிராத கேள்வி என்பதால் அங்கேதான் அழுகை உடையும்.

கிளம்புவதுதான் சிரமம். கடிகாரத்தைப் பார்த்தால் குற்றம், பி.ஏ. வந்து காதில் முணுமுணுத்தால் அதைவிடக் குற்றம். அதற்கு பி.ஏ. சீனு ஒரு வழி வைத்திருந்தான். குவிந்து கிடக்கும் செருப்புகளில் மாதேசனுடையதைத் தேடியெடுத்து, நுனி தெருவைப் பார்க்கும்படி படியில் வைத்துவிடுவான். அடுத்த வீடு காத்திருக்கிறது என்று அர்த்தம். மாதேசன் எழுவார். குனியாமலே கால் செருப்புக்குள் போய்விடும்.

தோற்ற பிறகு சீனு புது எம்.எல்.ஏ.விடம் சேர்ந்தான். "அவனுக்கும் குடும்பம் இருக்குதல்ல கண்ணு" என்றதோடு மாதேசன் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

மதியம் புது எம்.எல்.ஏ. மாலையோடு வந்தார். அவரும் தரையில் உட்கார்ந்தார், நோயைப் பற்றிக் கேட்கவில்லை. சீனு நன்றாகத்தான் பழக்கியிருக்கிறான் என்று வைஷாலி நினைத்துக்கொண்டாள். அவன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று அழுதுகொண்டிருந்தான். வருஷக்கணக்கில் அம்மா கையால் சாப்பிட்டவன்.

அப்போதுதான் மாதேசன் மகள் பக்கம் திரும்பினார்.

"கடைசியா ஏதாச்சும் பேசுனாளா கண்ணு?"

எத்தனையோ வீட்டில் கேட்ட கேள்விதான். ஆனாலும் அவளுக்கும் அங்கேதான் அழுகை உடைந்தது.

"நீங்க ஊட்டா பண்ணிட்டீங்களான்னு கேட்டாங்கப்பா. சாப்பிட்டாச்சும்மான்னு பொய் சொன்னேன்."

அவர் உதடு கோணியது. முகம் முதல்முறையாக இளகியது. அவள் அவர் தோளில் சாயப் போனாள்.

அந்த நேரத்தில் அவர் பார்வை வாசலுக்குப் போனது. படியில் ஒரு ஜோடி செருப்பு தெருவைப் பார்த்து இருந்தது. புது முதலாளிக்காகத்தான் சீனு குனிந்திருந்தான். கண்ணீரில் கை தனக்குப் பழகிய மாதேசனின் ஜோடியை எடுத்துவிட்டது.

மாதேசன் முகம் பழையபடி இறுகியது. மகளின் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"எதுனாலும் ஒரு போன் போடு கண்ணு. நான் இருக்கேன்."

எழுந்து பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். படியிறங்கினார், கால் தானாகச் செருப்புக்குள் போனது. கேட்டுக்கு வெளியே நின்ற புது எம்.எல்.ஏ.வின் காருக்குப் போய்க் கதவில் கை வைத்தார். ஓட்டுநர் திறப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தான்.

சீனு பின்னாலேயே ஓடினான்.

"சார், இது நம்ம வீடு சார்."

அது அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. சீனு வெயிலில் அவர் காலடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றப் பார்த்தான். மாதேசன் காலைத் தூக்கவில்லை.